வைக்காத பேனர்: போர்க்கால ஜெபத்தை ஒட்டி வட சென்னைச் சபை ஒன்றில் எழுந்த பிளவு

2025 மே மாதம் ஒரு புரொட்டஸ்டன்ட் சபையில் நடந்ததை, அந்தச் சபைக் கமிட்டியின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர்களும் அடையாளங்களும் விடப்பட்டிருக்கின்றன. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. சபைத் தகராறுகளில் பேசித் தீர்க்கக் கூப்பிடுவார்கள். அந்த வகையில் மே 10 சனிக்கிழமை இரவு போனேன். அதற்கு முன்னால் நடந்தவை பலரிடம் தனித்தனியாகக் கேட்டு, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதியவை.

பின்னணி

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற ஆலயம். இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான குடும்பங்கள். பெரியவர்களில் பாதிப் பேர் துறைமுகத்திலோ பெரம்பூர் ரயில்வே பட்டறையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் ஓ.எம்.ஆர். பக்கம் கணினி வேலைக்குப் போகிறார்கள். சில குடும்பங்களுக்குக் காசிமேட்டு மீன் வியாபாரம். எதிரில் அம்மன் கோவில், இரண்டு தெரு தள்ளி மசூதி. ஆடித் திருவிழாவுக்கு இவர்கள் கேட்டைத் திறந்து விட்டுத் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும், கிறிஸ்துமஸ் அன்று எதிர்வீட்டுக்குக் கேக் போவதும் அங்கே வழக்கம்.

அந்தப் பகுதிக்குப் போர் என்றால் துறைமுகம்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சுட்டது இந்தத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைத்தான். 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியானபோது பாட்டி வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போன கதையைச் சொல்கிற ஆட்கள் சபையில் இன்னும் இருக்கிறார்கள். 2025 மே 7 மாலை அதே துறைமுகத்தில் போர்க்கால ஒத்திகை நடந்தபோது, டிவியில் பார்த்த காஷ்மீர் சங்கதி வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது என்றார் சபைச் செயலர்.

முதலில் தகராறு இல்லை

ஏப்ரல் 20 ஈஸ்டர். 22-ஆம் தேதி காஷ்மீரில் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என்ன மதம் என்று கேட்டுக் கேட்டுச் சுட்டதாகத் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். இறந்தவர்களில் இந்தூரைச் சேர்ந்த கிறிஸ்தவர் ஒருவரும், உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரர் ஒருவரும் உண்டு. 27-ஆம் தேதி ஆராதனையில் சபையார் எழுந்து மௌனமாக நின்றார்கள். அழுதவர்களும் உண்டு.

மே 7 அதிகாலை ஆபரேஷன் சிந்தூர் நடந்தது; பாகிஸ்தான் பக்கம் ஒன்பது இடங்களை இந்தியப் படை தாக்கியதாக அரசு அறிவித்தது. வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் தேசியக் கொடிப் படங்கள் வந்தன. சபையில் ஒருவரின் மகன் ஜம்மு பக்கம் பணியில் இருக்கிறான். அவனுக்காகத் தனியாக ஜெபிக்கச் சொல்லி அம்மா ஆயரிடம் கேட்டார். ஆயரும் ஜெபித்தார். இதுவரைக்கும் எல்லாரும் ஒரே பக்கம்தான்.

வெள்ளிக்கிழமை ஜெபம்

மே 9 மாலை டெல்லியில் வெளியுறவுச் செயலர் செய்தியாளர்களிடம் ஒரு விவரம் சொன்னார். 7-ஆம் தேதி பாகிஸ்தான் பீரங்கித் தாக்குதலில் ஜம்மு எல்லை ஊரான பூஞ்ச்சில் கிறைஸ்ட் பள்ளிக்குப் பின்னால் குண்டு விழுந்து அந்தப் பள்ளியில் படித்த இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள்; கன்னியர் மடம் ஒன்றின் மீதும் குண்டு விழுந்தது. அன்றிரவு ஏழு மணி ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் இந்தச் செய்தியோடுதான் வந்தார்கள்.

ஜெபத்தை நடத்தியவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர். நான்கு நிமிடம் ஜெபித்தார். பஹல்காம் குடும்பங்கள், எல்லையில் நிற்கிற நம் பிள்ளைகள், பூஞ்ச்சில் இறந்த குழந்தைகள், பிரதமர் முதல் அதிகாரிகள் வரை எல்லாரையும் சொல்லிவிட்டுக் கடைசியில், எல்லைக்கு அந்தப் பக்கம் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களையும் கர்த்தர் காக்க வேண்டும் என்றார்.

ஒருவர் இதைப் போனில் பதிவு செய்தார். குவைத்தில் இருக்கிற தங்கை வழக்கமாகக் கேட்பாளாம், அவளுக்காக. அவள் குடும்பக் குழுவில் போட்டாள். அங்கிருந்து யாரோ கடைசி வரியை மட்டும் வெட்டியெடுத்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தேடிக்கொண்டு போக வேண்டாம் என்று கமிட்டி பிறகு முடிவு செய்தது, அதுவே சரி. இரவு பதினொரு மணிக்குள் அந்த இருபது நொடித் துண்டு, ‘சர்ச்சில் பாகிஸ்தானுக்கு ஜெபம்’ என்ற தலைப்போடு தெருக் குழுக்களில் சுற்றியது.

சனிக்கிழமை பகல்

காலையில் கேட்டுக்கு வெளியே நாலைந்து பேர் வந்து நின்றார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். “இன்னா, பாகிஸ்தானுக்கு ஜெபம் பண்றீங்களாமே?” என்று ஒருவர் கேட்டார். கூச்சல் இல்லை, கல் இல்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். போகும்போது, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று ஒரு குரல் கேட்டதாகக் காவலாளி சொன்னார்.

மதியத்துக்குள் வாலிபர் ஐக்கியத் தலைவர் எம்.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் ஃபிளெக்ஸ் பேனருக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். எட்டடிக்கு நாலடி. மேலே மூவர்ணம், நடுவே போர் விமானம், ‘வெற்றி தரும் தேவனுக்கு ஸ்தோத்திரம் – இந்திய இராணுவத்துக்கு எங்கள் சபையின் ஆதரவு’, கீழே சபையின் முழுப் பெயர். மாதிரிப் படத்தை நான் பார்த்தேன். போர் விமானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வெண்புறாவும் இருந்தது; கடைக்காரர் கிறிஸ்தவ பேனர் என்றதும் வழக்கப்படி சேர்த்துவிட்டாராம். கூடவே, ஞாயிறு ஆராதனையை வெற்றி ஸ்தோத்திர ஆராதனையாக நடத்த வேண்டும், டீச்சரம்மா வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் வாலிபர்கள் கேட்டார்கள்.

கமிட்டி முதலில் சட்டத்தின் பின்னால் ஒளியப் பார்த்தது. 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து இளம்பெண் இறந்த பிறகு அனுமதியில்லாத பேனர் விஷயத்தில் நீதிமன்றம் கடுமையாக இருக்கிறது என்றார்கள். “ஐயா, தெரு முனையில மூணு கட்சி பேனர் நிக்குது” என்று ஒரு பையன் சொன்னதோடு அந்த வாதம் முடிந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு இராணுவத்துக்கு ஆதரவாக முதல்வர் தலைமையில் கடற்கரைச் சாலையில் பேரணி. சபையிலிருந்து ஒரு குழு போனது. ஆசிரியையின் மகனும் அதில் போனார். அதே நேரத்தில்தான் சண்டை நிறுத்தச் செய்தி வந்தது.

இரவுக் கூட்டம்

எட்டு மணிக்கு ஆலயத்துப் பின்னறையில் கூடினார்கள். ஆயர், கமிட்டி உறுப்பினர்கள், வாலிபர் தரப்பில் இருவர், ஆசிரியை, ஜம்முவில் இருக்கும் பையனின் அம்மா, ஓய்வு பெற்ற இராணுவ வீரர் ஒருவர். பேச்சு நடக்கும்போதே ஸ்ரீநகரில் மறுபடி வெடிச்சத்தம் என்று போன்கள் அதிர்ந்தன. ‘சண்டை முடிஞ்சாச்சே, இனி என்ன’ என்று வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் முக்கால் மணி நேரம் வசனச் சண்டை. ஆசிரியை தரப்பு மத்தேயு 5:44-ஐ எடுத்தது: சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்ன இடம். வாலிபர்கள் சங்கீதம் 144-ஐ எடுத்தார்கள்: கைகளைப் போருக்குப் பழக்குகிற தேவன். ஆயர் நடுவில் ரோமர் 13-ஐ வைத்தார்: அதிகாரம் பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை. வேதத்தில் மூன்றும் இருக்கிறது. நியாயமான போர் எது என்பதை அகஸ்டின் காலத்திலிருந்து திருச்சபை பேசிக்கொண்டிருக்கிறது. ராயபுரத்தில் ஒரு ராத்திரியில் அது முடிகிற காரியமில்லை. இருந்தும் யாரும் விடவில்லை.

திருப்பம் பொருளாளர் வாயிலிருந்து வந்தது. அதுவரை பேசாமல் இருந்தவர், “வசனம் இருக்கட்டும். பேனர் இருந்தா நாளைக்குக் கேட்டாண்ட எவனும் வந்து நிக்க மாட்டான். அதான் பசங்க கேக்குறானுங்க. அதைச் சொல்லுங்களேன்” என்றார். வாலிபர் தலைவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆமா அங்கிள். டீச்சரம்மா தப்பா சொன்னாங்கன்னு நான் சொல்லல. வெளியில நிக்கிறவங்க கிட்ட நாம என்னன்னு சொல்றது? எங்க வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க” என்றார்.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய இடம் என்று நான் கருதுவது இதுதான். பேனர் கேட்டவர்களிடம் தேசப்பற்று இருந்தது. ஆனால் அது வெள்ளிக்கிழமை காலையிலும் இருந்தது. அப்போது யாரும் பேனர் கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் கேட்டது பயம். அந்தப் பயத்துக்கு வசனத்தால் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் பேச்சு நகரவில்லை. பயமும் வெறும் கற்பனை இல்லை: கூட்டத்தில் இருந்த வக்கீல் ஒருவர், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152 (நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து), 196 (பகையைத் தூண்டுதல்) பிரிவுகளில் யாராவது புகார் எழுதினால் கடைசியில் வழக்கு நிற்காது, ஆனாலும் அதுவரை அலைய வேண்டியது டீச்சரம்மாதான் என்றார்.

பிறகு இராணுவ வீரர் பேசினார். அவர் 1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். அங்கே புலிகளோடு சண்டை மூண்டபோது தமிழ்நாட்டில் அந்தப் போருக்கு எதிர்ப்பு இருந்தது. 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியபோது முதல்வராக இருந்த கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. “எங்க தெருவிலேயே என்னைத் தமிழனைச் சுட்டவன்னு சொன்னாங்க. சபையில ஒருத்தரும் என் பேரைச் சொல்லி ஜெபிக்கல, ஜெபிச்சா சண்டைக்கு ஆதரவுன்னு ஆயிடுமோன்னு பயம். போன பையனுக்காக ஜெபிக்கிறது வேற, போகச் சொன்ன முடிவு சரின்னு கையெழுத்துப் போடுறது வேற. முதலாவதை எனக்கு யாரும் செய்யல. ரெண்டாவதை இப்ப ஏன் செய்யச் சொல்றீங்க?” என்றார். பேனருக்குப் பதில் கேட்டில் தேசியக் கொடியாவது கட்டலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, “ஆகஸ்ட் 15-க்கு நானே ஏத்துறேன். பயத்துக்குக் கொடி ஏத்தாதீங்க” என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பயத்தையும் கொள்கையையும் தனித்தனியாகப் பார்ப்பது என்று ஒத்துக்கொண்ட பிறகு முடிவுகள் வேகமாக வந்தன. பேனர் இல்லை, கொடி இல்லை. கடைக்கு முன்பணம் போனது போனதுதான். ஆராதனையின் பெயர் மாறாது. சண்டை நிற்குமா என்றே தெரியாத இரவில் வெற்றி ஆராதனை என்று பெயர் வைப்பதை வாலிபர்களே கைவிட்டார்கள்.

வெளியில் நின்றவர்களை நேரில் பார்ப்பது இரண்டாவது. செயலரும் இராணுவ வீரரும் அன்றிரவே டீக்கடைக்குப் போய், காலையில் வந்தவர்களில் இருவரை உட்கார வைத்து நான்கு நிமிட வீடியோவை முழுதாகப் போட்டுக் காட்டினார்கள். ஒருவர், “முழுசா போட்டிருந்தா இந்தப் பேச்சே இல்லையே” என்றார். மற்றவர், அப்போதும் கடைசி வரி வேண்டாத வேலைதான் என்றார். அதை மறுத்து வாதாடாமல் வந்தது நல்லது. அவர் அப்படி நினைக்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வராமல் இருந்தால் போதும். காவல் நிலையத்துக்கும் வாய்மொழியாகத் தகவல் சொல்லி வைத்தார்கள்.

மூன்றாவது, ஞாயிறு ஜெபத்தை எழுதி வாசிப்பது. இதில்தான் நள்ளிரவு தாண்டியது. ஒரு கோடு போட்ட தாளில் செயலர் எழுத, நான்கு பத்தி வந்தது: பஹல்காம் குடும்பங்கள், படையில் இருப்பவர்கள், பூஞ்ச் உள்ளிட்ட எல்லை ஊர்கள், நான்காவதாக மற்றவர்கள். பையனின் அம்மா, “பேரைச் சொல்லுங்க, இருக்கிற ஊரைச் சொல்லாதீங்க” என்றார். இராணுவ வீரர் உடனே தலையாட்டினார். மற்றவர்களுக்கு அது தோன்றவேயில்லை. நான்காவது பத்தியில் ‘அந்தப் பக்கத்துத் தாய்மார்கள்’ என்பதை ‘எல்லையின் இருபுறமும் உள்ள தாய்மார்கள்’ என்று மாற்றச் சொன்னார்கள். ஆசிரியை ஒப்பவில்லை. இந்தப் பக்கத்துத் தாய்மார்களை முன்னாலேயே சொல்லியாகிவிட்டது, இப்போது மாற்றினால் முன்பு சொன்னது தப்பு என்று ஆகும் என்பது அவர் கட்சி. கடைசியில் வார்த்தை மாறியது. ஆனால் நான்கு பத்தியையும் அவரே வாசிப்பது என்றானது. வருத்தம் தெரிவிப்பது கிடையாது. என்னைக் கேட்டால், அன்றிரவு எடுத்ததில் கனமான முடிவு அதுதான். வேறு யார் அந்தத் தாளை வாசித்திருந்தாலும், அவரை ஒதுக்கி வைத்ததாகத்தான் தெரு முழுக்கப் படித்திருக்கும்.

ஞாயிறு ஆராதனை வழக்கமாக யூடியூபில் நேரலை. அதை நிறுத்தலாம் என்று வாலிபர்கள் சொன்னதை ஆயர் ஏற்கவில்லை. மறைத்தால் மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றாகும் என்றார்.

மே 11

கூட்டம் வழக்கத்தைவிடக் குறைவு. அன்று அன்னையர் தினமும் கூட. பெண்களுக்கு ரோஜா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பைக்கில் ஒரு காவலர் வந்து நின்றார். வேறு யாரும் வரவில்லை. ஆசிரியை வாசித்தார். நான்காவது பத்திக்கு வந்தபோது இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. அவர் நிறுத்தவில்லை, வேகப்படுத்தவும் இல்லை.

மூன்று நாள் முன்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த போப் பதினான்காம் லியோ, அன்று தம் முதல் ஞாயிறு உரையில் இந்திய–பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்தை வரவேற்றார். மற்ற நாளில் போப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத சிலர் அன்று அதை மும்முரமாகப் பகிர்ந்தார்கள்.

பின்விளைவுகள்

எழுத்துப்பூர்வமாகப் புகார் எதுவும் வரவில்லை. வீடியோத் துண்டு ஒரு வாரத்தில் அடங்கியது. வெளியே போன குடும்பங்களில் ஒன்று ஜூலையில் திரும்பியது. வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது முதலில் போய் நின்றவர் ஆசிரியை. மற்றது தண்டையார்பேட்டையில் வேறொரு சபைக்குப் போய்விட்டது. அவர்களிடம் பேசினேன். “எங்களுக்குக் கோபம் ஜெபத்து மேல இல்ல. ராத்திரி கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடல” என்றார் வீட்டுக்காரர். நியாயமான குறை.

யாரும் எதிர்பாராதது மே 30-க்குப் பிறகு நடந்தது. படைப்பிரிவின் கோவிலில் கருவறைக்குள் போக மறுத்துப் பணிநீக்கம் செய்யப்பட்ட கிறிஸ்தவ இராணுவ அதிகாரி ஒருவரின் வழக்கில், பணிநீக்கம் செல்லும் என்று அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாலிபர் ஐக்கியம் அதை விவாதத்துக்கு எடுத்தது. பேனர் கேட்ட பையன்களில் பெரும்பாலோர் அதிகாரி பக்கம்: விசுவாசத்துக்காக நின்றவர் என்றார்கள். சட்டம் படிக்கிற ஒரு பெண் 1986-இன் பிஜோ இம்மானுவேல் தீர்ப்பை எடுத்து வைத்தார்; தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, பாடாமல் இருந்த கேரளத்து யெகோவா சாட்சிகள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. பேனரை எதிர்த்த இராணுவ வீரர் இந்தமுறை நீதிமன்றத்தின் பக்கம். பள்ளிப் பிள்ளை வேறு, ஆட்களை நடத்திப் போகிற அதிகாரி வேறு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது என்றார். “நான் எங்க யூனிட் கோவில்ல உள்ள போய் நின்னிருக்கேன். கும்பிடல. யாரும் கேக்கவும் இல்ல.” ஆசிரியை இரண்டு பக்கமும் சேரவில்லை.

மே 10 இரவு யாரை தேசம், யாரை விசுவாசம் என்று பிரித்து வைத்திருந்தோமோ, அந்தப் பட்டியல் மூன்று வாரத்தில் தலைகீழானது. வாலிபர் ஐக்கிய விவாதத்தில் குரல் உயர்ந்தது, ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் பணிநீக்கத்தை உறுதி செய்தபோது மறுபடி ஒரு சுற்று பேசினார்கள்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

சபையின் பெயரில் வெளியே எது போனாலும் ஆயரும் செயலரும் கையெழுத்திட வேண்டும் என்று கமிட்டி விதி செய்தது. தனிப்பட்டவர் ஜெபத்துக்கு முன்கூட்டி ஒப்புதல் தேவையில்லை என்ற இரண்டாம் பாதியையும் சேர்த்தார்கள். அது வேண்டும் என்று வலியுறுத்தியவர் வாலிபர் தலைவர். இன்னொரு நெருக்கடி வந்தால் முதலில் காற்றில் பறக்கப் போவது இந்த இரண்டாம் பாதியாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

ஜெபக்கூட்டத்தில் பதிவு கூடாது என்ற யோசனை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரலை விட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை போனைப் பிடுங்க முடியாது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் வழி. அதற்குப் பதில், பதிவு செய்தால் முழுதாகவும் சபைக் கணக்கிலும் போடுவது என்று வைத்திருக்கிறார்கள். அவசரக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கு இன்னும் முறை எதுவும் எழுதப்படவில்லை. தண்டையார்பேட்டைக்குப் போன குடும்பத்தின் குறை அப்படியே இருக்கிறது. வேறு சபைகள் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதானால், தெருவிலிருந்து ஆள் வந்த அன்றே நேரில் போய்ப் பேச இரண்டு பேரை முன்பே குறித்து வைப்பதை எடுத்துக்கொள்ளலாம். வசனம் பார்க்க ஞாயிறு வரை நேரம் இருக்கும். டீக்கடைக்குப் போக அவ்வளவு நேரம் இருக்காது.

ஆகஸ்ட் 15 அன்று இராணுவ வீரர் கொடியேற்றினார். படையில் இருப்பவர்கள் பெயரை அமைதிக் காலத்திலும் மாதம் ஒருமுறை வாசிப்பதா என்பது கமிட்டியில் நிலுவையில் இருக்கிறது. பையனின் அம்மா வேண்டும் என்கிறார். ஆசிரியையும் வேண்டும் என்கிறார். ஆயர் யோசிக்கிறார்.